அடி களி, மேல் கரி: பை சொதப்பினால் எங்கே பார்ப்பது

தமிழில் 'பை' என்று எழுதினாலே மஞ்சப்பைதான் ஞாபகத்துக்கு வரும். இது ஓவனில் சுடுகிற பை. மைதாவும் வெண்ணெயும் சேர்ந்த க்ரஸ்ட், உள்ளே இனிப்பாகவோ காரமாகவோ பூரணம். நான் முதன்முதலில் ஆப்பிள் பை சுட்டது பெரம்பூர் வீட்டில், ஒரு மே மாதக் கத்திரி வெயிலில். எதிர்வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "என்னம்மா, இவ்ளோ பெரிய சோமாஸா?" என்றார். சிரித்துக்கொண்டே வெட்டினேன். மேலே கருகல், அடியில் களி, நடுவில் ஆப்பிள் தண்ணீர் குளம் கட்டி நின்றது. மாமிக்கு ஒரு துண்டு கொடுக்காமல் இருக்க முடியவில்லை. அதுதான் கஷ்டம்.

அப்புறம் நிறைய சுட்டாகிவிட்டது. பையில் வரும் கோளாறுகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டே கதைதான். வெண்ணெய் உருக வேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே உருகியிருக்கும். இல்லையென்றால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கியிருக்கும். பை செய்முறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு அடுப்படியில் எழுதப்பட்டவை. அங்கே 'அறை வெப்பநிலை' என்றால் 20 டிகிரி. நமக்கு 33. செய்முறையில் தப்பு இருக்காது, ஊர்தான் வேறு.

உங்கள் பைக்கு என்ன ஆயிற்றோ அந்தத் தலைப்பை மட்டும் படித்தால் போதும். அளவுகள் 8 அங்குல டின்னுக்கு, அடியும் மூடியும் சேர்த்து: 250 கிராம் மைதா, 150 கிராம் வெண்ணெய், 50 முதல் 60 மில்லி ஐஸ் தண்ணீர். உப்பு போட்ட வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம்.

மாவைத் தேய்க்கும்போதே பிசுபிசுக்கிறது, பலகையில் ஒட்டுகிறது

வெண்ணெய் 20 டிகிரியிலேயே மிருதுவாகத் தொடங்கும். 32, 35 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும். சென்னையில் வெயில் காலத்து அடுப்படி அதற்கும் மேலே போகும். வெண்ணெய் சின்னச் சின்னத் துண்டுகளாக மாவுக்குள் நிற்க வேண்டும். ஓவன் சூட்டில் அந்தத் துண்டுகள் உருகும்போது, அவற்றில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி மாவை அடுக்கடுக்காகத் தூக்கும். கடை வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான். பலகையிலேயே உருகி மாவில் ஊறிவிட்டால், தூக்குவதற்கு எதுவும் மிஞ்சாது.

இந்த நேரத்தில் சப்பாத்தி தேய்த்துப் பழகிய கை தானாக மாவு டப்பாவுக்குப் போகும். மாவு தூவித் தூவித் தேய்த்தால் ஒட்டுவது நிற்கும், க்ரஸ்ட் வறட்டியாகிவிடும். தேய்ப்பதை நிறுத்துங்கள். பலகையோடு தூக்கி ஃப்ரீசரில் 10 நிமிடம் வையுங்கள். அவ்வளவுதான்.

அடுத்த தடவைக்கு: மைதா, கட்டை, பாத்திரம் எல்லாவற்றையும் முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெண்ணெயை ஃப்ரீசரில் கல்லாக்கி, கேரட் துருவுகிற மாதிரி நேராக மைதாவுக்குள் துருவுங்கள். கிரானைட் மேடை இருந்தால் அதன்மேல் ஒரு தட்டு நிறைய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வைத்து, துடைத்துவிட்டு அங்கேயே தேய்க்கலாம். நான் மே மாதத்தில் காலை ஐந்தரைக்கு மாவு கலந்துவிடுவேன். ஏசி அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டுத் தேய்த்ததும் உண்டு. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தேய்த்தால் விரிசல் விடுகிறது

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே தேய்த்தால் விரிசல் விடும், ஐந்து நிமிடம் பொறுங்கள். அப்படியும் விரிசல் விட்டால் தண்ணீர் போதவில்லை. ஒரு ஸ்பூன் ஐஸ் தண்ணீர் தெளித்து, மடித்து, திரும்பத் தேய்க்கலாம். அடிப்பக்கத்தில் ஒட்டுப் போட்டால் யாருக்கும் தெரியாது.

க்ரஸ்ட் வரட்டி மாதிரி கெட்டியாக இருக்கிறது, அல்லது அடுக்கே வரவில்லை

கெட்டியாக இருந்தால் பிசைந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பூரிக்கும் பரோட்டாவுக்கும் நாம் மாவை அடித்துப் பிசைவது இழுவை வரட்டும் என்றுதான். மைதாவில் இருக்கும் புரதம் தண்ணீரோடு சேர்ந்து பிசையப் பிசைய ரப்பர் போல வலை பின்னும். பைக்கு அந்த வலை ஆகாது. பதம் எது என்று கேட்டால் புட்டு மாவுப் பதம்: பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். அந்த நிலையில் உருட்டித் தட்டி, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். உருண்டைக்குள் வெண்ணெய்த் துண்டுகள் பட்டாணி அளவில் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அவைதான் பின்னால் அடுக்காகப் போகின்றன.

அடுக்கு வராமல் மணல் மாதிரி உதிர்ந்தால், நெய் ஊற்றினீர்களா என்று பாருங்கள். நெய்யில் தண்ணீர் கிடையாது, அதனால் ஆவியும் கிடையாது. தேங்காய்ப் பூரணம் வைத்த இனிப்புப் பைக்கு அந்த மணல் பதம் நன்றாகவே இருக்கும், நம் சோமாஸ் மேல்மாவு அப்படித்தானே. ஆப்பிள் பைக்கு எனக்குப் பிடிக்காது. வீட்டில் கடைந்த வெண்ணெயில் எவ்வளவு மோர் மிச்சமிருக்கிறது என்று சொல்லவே முடியாது, ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. நன்றாகக் கழுவிப் பிழிந்த வெண்ணெய் என்றால் பரவாயில்லை.

டீக்கடை வெஜ் பப்ஸ் மட்டும் எப்படி வெயிலிலும் அடுக்கடுக்காக வருகிறது என்று ஒரு கேள்வி வரும். பப்ஸுக்கென்றே வரும் மார்ஜரின் வெண்ணெயைவிட அதிகச் சூட்டில்தான் உருகும். அதனால்தான் தின்ற பிறகு மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்கிறது. வாய்ச் சூட்டில் அது முழுதாக உருகுவதில்லை. சுலபம் வேண்டுமா, ருசி வேண்டுமா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஓரம் சுருங்கி டின்னுக்குள் இறங்கிவிட்டது

மாவுக்கு ஓய்வு போதவில்லை, அல்லது டின்னில் இழுத்துப் பொருத்தினீர்கள். இழுத்த மாவு ஓவனுக்குள் போனதும் பழைய இடத்துக்குத் திரும்பும். தூக்கித் தொங்கவிட்டு மூலைக்குள் மெதுவாக இறக்குங்கள். மாவை உருட்டித் தட்டிய பிறகு ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம், டின்னில் போட்ட பிறகு ஃப்ரீசரில் அரை மணி நேரம்.

வெறும் க்ரஸ்ட்டை முதலில் சுடுவதாக இருந்தால், பட்டர் பேப்பர் விரித்து பச்சரிசியையோ காய்ந்த கொண்டைக்கடலையையோ விளிம்பு வரை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் பாதிச் சுவர் சரியும். அந்த அரிசியைத் தனி டப்பாவில் போட்டு மேலே எழுதி வைப்பது அவசியம். எங்கள் வீட்டில் மாமியார் அதில் பொங்கல் வைத்துவிட்டு, "ஏம்மா, இந்த அரிசி வறுத்த வாசனை வருதே, எந்தக் கடை?" என்று கேட்டார்.

சுடும்போது வெண்ணெய் ஒழுகி தட்டில் நிற்கிறது

சூடு குறைவான ஓவனில் வைத்திருக்கிறீர்கள். மாவு இறுகுவதற்குள் வெண்ணெய் உருகி ஓடிவிட்டது. ஓவனில் 210 டிகிரி என்று வைத்தால் உள்ளேயும் 210 இருக்கும் என்று நம்பாதீர்கள். ஓவனுக்குள் வைக்கும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் பார்த்தபோது என் ஓடிஜி (மேலும் கீழும் சூட்டுக் கம்பி இருக்கும் சின்ன மின் ஓவன்) 30 டிகிரி பொய் சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது.

வோல்டேஜையும் பாருங்கள். கம்பியில் வரும் சூடு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 வர வேண்டிய இடத்தில் 190 வந்தால் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். தெருவில் எல்லா ஏசியும் ஓடுகிற ராத்திரி ஏழெட்டு மணிக்கு விளக்கு மங்கலாக எரிந்தால், அன்றைக்கு பை வேண்டாம். மதியமே சுட்டுவிடுங்கள்.

மேலே பொன்னிறம், அடி களி

சென்னையில் பை சுடுகிற எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் இது. எனக்கு இதைத் தீர்த்துவைத்தவர் இரண்டு தெரு தள்ளி இருந்த ஓர் ஆங்கிலோ-இந்திய ஆன்ட்டி. அவர் கணவர் ரயில்வேயில் இருந்தவர். கிறிஸ்துமஸுக்கு வரிசையாக பை சுடுவார். ஒரு நாள் நான் ஓவன் கண்ணாடி வழியாக மேல்பக்கம் சிவந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி, "மேல பாக்காதம்மா, மேல தானா வரும். அடியப் பாரு" என்று சொல்லிவிட்டு, இரண்டு துணியால் பிடித்துக் கண்ணாடி டிஷ்ஷை வெளியே எடுத்து, தலைக்கு மேலே தூக்கி, டியூப்லைட் வெளிச்சத்தில் அடியைப் பார்த்தார். ஓரத்தில் கோதுமை நிறம், நடுவில் ஒரு உள்ளங்கை அளவு வெளுப்பு, ஈரத் துணி மாதிரி. "இன்னும் இருவது நிமிஷம்" என்று திரும்ப உள்ளே தள்ளினார். அது சரியாக இருந்தது.

உங்கள் அடி களியாக இருந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், எந்த ஓவன்? ஓடிஜி என்றால் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிகிறதா பாருங்கள். பலருக்கு மேல் கம்பி மட்டும் எரியும் செட்டிங்கில் நின்றிருக்கும். டின் கீழ்த்தட்டில் இருக்க வேண்டும். முன்சூடு விளக்கு அணைந்தால் போதாது, 20 நிமிடமாவது விடுங்கள். உள்ளே ஒரு சின்ன இரும்புத் தோசைக்கல்லை, கைப்பிடி இல்லாததாகப் பார்த்து, வைத்துச் சூடாக்கி அதன்மேல் டின்னை வைத்தால் வேறு எந்த உபாயமும் கிட்ட வராது. சுற்றி இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும், காற்று மேலும் கீழும் போக வேண்டும்.

கன்வெக்ஷன் மைக்ரோவேவ் என்றால் கதை வேறு. அதில் சூடு மேலிருந்தும் பின்னாலிருந்தும் விசிறிக் காற்றோடு வரும், கீழே கம்பி கிடையாது. அடி அதில் சிவப்பது கஷ்டம். க்ரஸ்ட்டை முன்னாலேயே அரிசி போட்டுச் சுட்டுத்தான் ஆக வேண்டும். நான் செய்கிற இன்னொரு வழி: உலோக டின்னில் சுட்ட பையை அப்படியே எடுத்து, அடுப்பில் சூடான தோசைக்கல்லின் மேல், சிம்மில், ஐந்து முதல் ஏழு நிமிடம் சுழற்றிச் சுழற்றி வைப்பது. ரொட்டி வாசனை வந்ததும் இறக்கலாம். கண்ணாடி டிஷ்ஷை இப்படி வைக்கவே கூடாது, வெடிக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கண்ணாடியை நேரே சூடான ஓவனில் வைப்பதும் அதே ஆபத்துதான்.

அடுத்து, டின். பளபளக்கும் மெல்லிய ஃபாயில் தட்டு சூட்டைத் திருப்பி அனுப்பும். மங்கலான, கொஞ்சம் கனமான அலுமினிய கேக் டின் நல்லது. பாரிமுனைப் பக்கம் பாத்திரக்கடைகளில் எடைக்கு வாங்கிய சாதாரண டின்னில்தான் என்னுடைய நல்ல பைகள் வந்தன.

அடுத்து, பூரணம் சூடாக இருந்ததா? சூடான பூரணம் பச்சை மாவின்மேல் விழுந்த நொடியே வெண்ணெய் உருகிவிடும். கை வைத்தால் ஜில்லென்று இருக்க வேண்டும்.

அடுத்து, நடுவில் ஒரு தடுப்பு. டீக்கடையில் தொங்கும் பொறையை வாங்கி, மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, அடியில் இரண்டு ஸ்பூன் தூவுங்கள். பொறைக்கு ருசி என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது, அதுதான் வசதி. சாற்றை மட்டும் உறிஞ்சிக்கொண்டு சும்மா இருக்கும். முன்னால் சுட்ட க்ரஸ்ட் என்றால் முட்டை வெள்ளையை மெலிதாகத் தடவி இரண்டு நிமிடம் காயவிடலாம்.

கடைசியாக, மூடியில் கீறல் போட்டீர்களா? ஆவி போக வழி இல்லையென்றால் அது திரும்பி அடிக்கே வரும். மூடி சீக்கிரம் சிவந்துவிட்டால் ஃபாயிலைத் தளர்வாகப் போர்த்திவிட்டு அடி வேகும்வரை விடுங்கள். ஆப்பிள் பைக்கு முதலில் 210 டிகிரியில் 20 நிமிடம், பிறகு 180-இல் 40 நிமிடம் என்பது என் கணக்கு. ஓடிஜியைப் பொறுத்து பத்து நிமிடம் முன்னே பின்னே ஆகும்.

வெட்டினால் பழச்சாறு ஓடுகிறது

எத்தனை மணிக்கு வெட்டினீர்கள்? சுட்ட அரை மணியில் வெட்டினால் எந்தப் பையும் ஓடும். மூன்று நான்கு மணி நேரம் ஆறிய பிறகுதான் சாறு இறுகும். வாசனை தாங்காமல் வெட்டிவிட்டு செய்முறையைத் திட்டக் கூடாது.

ஆறிய பிறகும் ஓடினால் பழத்தைப் பாருங்கள். நமக்குச் சுலபமாகக் கிடைக்கும் சிவப்பு டெலிஷியஸ் ஆப்பிள் கடித்துத் தின்னத்தான் சரி. சூட்டில் கூழாகிவிடும், புளிப்பும் போதாது. பச்சை ஆப்பிள் உருக்குலையாது, ஆனால் விலை. பாதிக்குப் பாதி கலந்து ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்தால் போதும். 750 கிராம் பழத்துக்கு 75 கிராம் சர்க்கரை போட்டு முக்கால் மணி நேரம் வைத்து, விட்ட தண்ணீரை வடித்து, அடுப்பில் பாகு மாதிரி சுண்டவைத்துத் திரும்ப ஊற்றுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

இறுக்குவதற்கு கார்ன்ஃப்ளார் எல்லோருக்கும் தெரியும். என் ஓட்டு ஜவ்வரிசிக்கு. அமெரிக்காவில் பழப் பைகளுக்கு மரவள்ளி மாவுக் குருணை போடுவது பழைய வழக்கம், அது நம் சேலத்து ஜவ்வரிசிதான், வேறொன்றுமில்லை. மிக்ஸியில் நைஸாகப் பொடித்து, 750 கிராம் பழத்துக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் கலந்து, கால் மணி நேரம் சாற்றில் ஊறவிடுங்கள். கார்ன்ஃப்ளார் மாதிரி மங்கலாக இல்லாமல் கண்ணாடி போல நிற்கும். இரண்டுமே கொதித்தால்தான் இறுகும். மூடியின் நடுக் கீறல் வழியாகச் சாறு மெதுவாக, கெட்டியாகக் குமிழ் விட வேண்டும். ஓரத்தில் மட்டும் கொதித்தால் வெளியே எடுக்காதீர்கள்.

ஆப்பிளை விட்டுவிடலாம் என்றும் சொல்வேன். ஏப்ரல், மே மாதங்களில் கோயம்பேட்டில் கிளிமூக்கு மாங்காய் குவியும்போது, லேசாக மஞ்சள் கண்ட செங்காயாகப் பார்த்து வாங்குங்கள். ஆப்பிளைவிடக் கெட்டி, புளிப்பு தானாகவே உண்டு, சூட்டில் வடிவம் கலையாது. தோல் சீவி விரல்கடை கனத்தில் நறுக்கி, வெல்லம், ஒரு சிட்டிகை சுக்கு, ஏலக்காய், ஜவ்வரிசிப் பொடி. பட்டைத்தூள் வேண்டாம், மாங்காய் வாசனையை அமுக்கிவிடும். எனக்கு இனிப்புப் பைகளில் முதல் இடம் இதற்குத்தான். பங்கனப்பள்ளியை இப்படிச் சுடாதீர்கள். நல்ல பழத்தை ஜாமாக்கி என்ன லாபம்? ஊட்டி, கொடைக்கானலிலிருந்து பிளம்ஸ் வரும் சில வாரங்களில் அதையும் ஒரு தடவை செய்து பார்க்கலாம், நிறமே போதும்.

பரங்கிக்காய்ப் பை தண்ணீர் விட்டால், காயை வேகவைத்து மசித்தபின் வாணலியில் எண்ணெய் இல்லாமல் வதக்குங்கள். அல்வா மாதிரி வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வர வேண்டும். அதற்கப்புறம்தான் முட்டையும் பாலும்.

மூடிக்கும் பழத்துக்கும் நடுவே குகை மாதிரி இடைவெளி

பழம் சுருங்கிவிட்டது, மூடி அங்கேயே நின்றுவிட்டது. சர்க்கரையில் ஊறவைத்த பழம் முன்னாலேயே சுருங்கியிருக்கும், இந்தத் தொல்லை வராது. இடுக்கில்லாமல் அடுக்குங்கள்.

எலுமிச்சைப் பை கெட்டியாகவில்லை, கஸ்டர்ட் வெடித்தது, மெராங் தண்ணீர் விடுகிறது

எலுமிச்சைப் பை இரண்டு ஜாதி. ஃப்ளோரிடாவின் கீ லைம் பை கண்டென்ஸ்டு மில்க்கில் செய்வது. 2006-இல் அந்த மாநிலம் அதைத் தன் அதிகாரபூர்வ பையாகவே அறிவித்தது. அதற்கு வேண்டிய கீ லைம் தேடி அங்கே ஆட்கள் அலைகிறார்கள். நம் மார்க்கெட்டில் கிடைக்கும் சின்ன எலுமிச்சை அதே இனம்தான். சென்னையில் எதையும் மாற்றாமல் செய்யக்கூடிய பை இது ஒன்றுதான். 400 கிராம் டின் ஒன்றுக்கு மூன்று மஞ்சள் கரு, 120 மில்லி சாறு. சாற்றின் புளிப்பு பட்டதும் பால் புரதம் தானாகத் தடிக்கும், கரண்டியிலேயே தெரியும். கெட்டியாகவில்லை என்றால் முதலில் சாறு குறைந்ததா என்று பாருங்கள். கசந்தால் தோல் துருவும்போது வெள்ளைப் பகுதியும் சேர்ந்துவிட்டது. பச்சையாக வரவில்லையே என்று கலர் ஊற்றாதீர்கள், அது இளமஞ்சளாகத்தான் இருக்கும். அடிப்பாகத்துக்கு மாரி பிஸ்கட் பொடி 150 கிராம், உருக்கிய வெண்ணெய் 75 கிராம். 170 டிகிரியில் கால் மணி நேரம், பிறகு நான்கு மணி நேரம் ஃப்ரிட்ஜ். மைதாவும் இல்லை, தேய்ப்பதும் இல்லை. முதல் பை சுடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இன்னொரு ஜாதி, கார்ன்ஃப்ளாரும் மஞ்சள் கருவும் போட்டுக் கிளறுவது. ராத்திரி கெட்டியாக இருந்தது, காலையில் தண்ணீராகிவிட்டது என்பார்கள். மஞ்சள் கருவில் மாவுச்சத்தைச் சிதைக்கும் என்சைம் ஒன்று உண்டு. முட்டை திரிந்துவிடும் என்று பயந்து கொதிக்கும் முன்பே இறக்கினால் அது உயிரோடு தங்கி ராத்திரி முழுக்க வேலை செய்யும். கார்ன்ஃப்ளார் இருக்கும்வரை முட்டை சட்டென்று திரியாது. துணிந்து ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள்.

கார்ன்ஃப்ளார் இல்லாத முட்டைக் கஸ்டர்ட் அப்படியில்லை. 80 டிகிரியை ஒட்டி இறுகும், 85 தாண்டினால் திரிந்து வெடிக்கும். ஓரம் நின்று, நடுவில் இரண்டு அங்குலம் மட்டும் ஜெல்லி மாதிரி ஆடும்போதே எடுத்துவிடுங்கள். மிச்சம் வெளியே வேகும்.

மெராங் (முட்டை வெள்ளையும் சர்க்கரையும் அடித்த நுரை) கீழே தண்ணீர் விட்டால், ஆறிய பூரணத்தின் மேல் போட்டிருப்பீர்கள். சூடாக இருக்கும்போதே போட்டு, க்ரஸ்ட் ஓரம் வரை ஒட்டிவிட வேண்டும். மற்றபடி ஐப்பசி, கார்த்திகை மழையில் மெராங் வேண்டாம். சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு சாயங்காலத்துக்குள் வியர்த்துவிடும்.

காரப் பையில் குழம்பு வழிகிறது, க்ரஸ்ட் எண்ணெயாகிவிட்டது

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தப்பு இது. குழம்பு நன்றாக வந்திருக்கிறது என்பதற்கு நமக்கு ஒரே அடையாளம் எண்ணெய் பிரிந்து மேலே மிதப்பது. பைக்குள் அந்த எண்ணெய் நேராக க்ரஸ்ட்டில் இறங்கும். மிளகுக்கோழி அற்புதமாக இருந்தும் பை கெட்டுப்போவது இதனால்தான். கோழியை வதக்கி, எண்ணெயை வடித்து, ஒரு ஸ்பூன் மைதா தூவிப் பிரட்டி, பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுண்டவையுங்கள். வெள்ளை சாஸில் செய்வதாக இருந்தால் 30 கிராம் வெண்ணெய், 30 கிராம் மைதா, 300 மில்லி பாலோ கோழி வேகவைத்த தண்ணீரோ. கரண்டியால் நடுவே ஒரு கோடு இழுத்தால் அது மூடாமல் நிற்க வேண்டும். கோழியை முக்கால் வேக்காட்டில் நிறுத்துங்கள், மிச்சம் ஓவனில் வேகும். காளான் என்றால் விடுகிற தண்ணீர் முழுக்க வற்றி, வாணலியில் சீறுகிற சத்தம் மாறும்வரை வதக்குங்கள். காரமும் உப்பும் ஒரு பிடி தூக்கலாக இருக்கட்டும், க்ரஸ்ட் பாதியை உறிஞ்சிவிடும்.

வெண்ணெய் க்ரஸ்ட் கைக்கு வசப்படவே இல்லை என்றால், காரப் பைக்கு வெந்நீர் மாவு இருக்கிறது. இங்கிலாந்தில் மெல்டன் மௌப்ரே பன்றிக்கறிப் பை இந்த மாவில்தான் செய்கிறார்கள். 300 கிராம் மைதாவுக்கு 130 மில்லி தண்ணீர், 110 கிராம் நெய் அல்லது டால்டா, முக்கால் ஸ்பூன் உப்பு. தண்ணீரையும் நெய்யையும் சேர்த்துக் கொதிக்கவைத்து மாவில் ஊற்றி, கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் சேர்த்துப் பிசைய வேண்டும். கொழுக்கட்டை மாவு கிளறத் தெரிந்தவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜ் வேண்டாம், ஏசி வேண்டாம், கத்திரி வெயில் இதற்கு நண்பன். சூடு ஆறுவதற்குள் 6 அங்குல டின்னில் கையாலேயே அழுத்தி ஏற்றிவிடலாம். அடுக்கு வராது, ஆனால் குழம்பைச் சிந்தாமல் பிடித்துக்கொள்ளும்.

க்ரஸ்ட்டே இல்லாமல், கொத்துக்கறியின் மேல் உருளைக்கிழங்கு மசியலைப் பரப்பிச் சுடும் ஷெப்பர்ட்ஸ் பையில் கிழங்கு கறிக்குள் மூழ்கினால், மசியலில் பால் அதிகம், அல்லது கொத்துக்கறியில் ஈரம் அதிகம். கிழங்கை வேகவைத்து வடித்தபின் வெறும் பாத்திரத்தில் இரண்டு நிமிடம் சூட்டில் குலுக்கி உலர்த்துங்கள். மேலே முள்கரண்டியால் கோடு போட்டால் அந்த மேடுகள்தான் முதலில் சிவக்கும். ஆட்டுக் கொத்துக்கறிக்கு ஒரு ஸ்பூன் வூஸ்டர் சாஸ் இல்லாவிட்டால் கொஞ்சம் புளிக்கரைசல் போதும். ஆன்ட்டி இதை ஒத்துக்கொள்ளமாட்டார்.

மறுநாள் நமத்துப்போனது

பழப் பை சுட்ட அன்று வெளியில் இருக்கலாம், தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைத்தால் எறும்பு வராது. முட்டை, பால், கறி சேர்ந்த எதையும் நம் வெயிலில், அதாவது 32 டிகிரிக்கு மேல், ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே விடாதீர்கள். சூடாக இருக்கும்போதே டப்பாவில் போட்டு மூடினால் ஆவி வியர்த்து க்ரஸ்ட்டை நனைத்துவிடும், ஆறியபின் மூடுங்கள்.

திரும்பச் சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம். துண்டை இரும்புத் தோசைக்கல்லில், சிம்மில், மூடி போடாமல் ஏழெட்டு நிமிடம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கறிப் பையாக இருந்தால் உள்ளே முழுக்க ஆவி பறக்கச் சூடாக வேண்டும், அதற்கு ஓவனில் 180 டிகிரியில் 20 நிமிடம் வைத்துவிட்டு, அடிக்கு மட்டும் கல்லில் ஒரு நிமிடம்.